கதிர்வீச்சை அளக்கும் வேலை: பேராக் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கின்டா பள்ளத்தாக்கில் வெள்ளீயம் பிரித்தபின் மிஞ்சும் கனமான மணலுக்கு அமாங் என்று பெயர். அதிலுள்ள மோனசைட் என்ற கனிமத்தில் கதிரியக்கத் தோரியம் உண்டு. ஈப்போ அருகே புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982இல் மோனசைட்டைப் பதப்படுத்தத் தொடங்கியது. 1985இல் ஊர்மக்கள் ஆலையை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள். 1993இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 1994இல் ஆலை மூடப்பட்டது. எங்கே, எவ்வளவு கதிர்வீச்சு என்பதுதான் ஊரின் கேள்வி. அதற்கு நம்பத்தக்க பதில் சொல்பவர்கள் நம் தோட்டப்புறக் குடும்பங்களிலிருந்தும் வரவேண்டும்.

என்ன வேலை?

தோரியம்-232இன் அரை ஆயுள் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். அது படிப்படியாகச் சிதையும் வழியில் பிறக்கும் தாலியம்-208க்கு மூன்றே நிமிடம். தோரியத்தின் சொந்தக் காமா கதிர் மிக மெலிது. ஆகவே 2,614 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் தெரியும் தாலியத்தின் கதிரை வைத்துத் தோரியத்தைக் கணக்கிடுவார்கள். திரவ நைட்ரஜனில் குளிர்விக்கப்பட்ட, ஜெர்மானியம் என்ற தனிமத்தாலான கருவி இதை அளக்கும். ஆனால் ஆலையின் வேதிவினைகள் தோரியத்தையும் அதன் வழித்தோன்றல்களையும் பிரித்துவிடும். அப்போது தாலியத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் முடிவு பொய்த்துப்போகும். இதை அறிந்து அளப்பவரே நிபுணர்.

என்ன படிக்க வேண்டும்?

எஸ்.பி.எம். தேர்வில் இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் எடுங்கள். பிறகு எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன். பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் அணு அறிவியல் படிக்கலாம். மலேசிய அணுசக்தி முகமையும் பாங்கியில்தான். அங்கே 1982 முதல் ஓர் ஆய்வு உலை இயங்குகிறது. தொழிற்பயிற்சிக்கு அங்கே முயலுங்கள்.

எங்கே வேலை?

அணுசக்தி முகமை, உரிமம் வழங்கும் அணுசக்தித் துறை, மருத்துவமனைகளின் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுகள், கதிரியக்கப் பொருள்களைக் கையாளும் ஆலைகள். உரிமம் பெற்ற நிறுவனங்களுக்குக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி தேவை. ஆராய்ச்சி பிடித்தால் பாதை இன்னும் நீளும்: கதிரியக்க ரேடியம் கொண்ட மூலக்கூறை ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் லேசரால் அளந்த முடிவுகள் 2020இல் வெளிவந்தன.

இப்போதே பழக வேண்டியவை

1. மாதிரியை வைக்குமுன் சுற்றுப்புறக் கதிர்வீச்சை அளந்து, பிறகு கழியுங்கள்.

2. அளவு தெரிந்த மூலத்தைக் கொண்டு கருவியைச் சரிபாருங்கள்.

3. எண்ணோடு பிழை வரம்பையும் எழுதுங்கள். கருவி 100 துடிப்புகள் எண்ணினால் பிழை 10 விழுக்காடு. 10,000 எண்ணினால் 1 விழுக்காடு. பொறுமைக்குக் கிடைக்கும் பலன் அது.

4. முடிவைத் தமிழிலும் மலாயிலும் ஊராருக்குப் புரியச் சொல்லிப் பழகுங்கள். பொதுமக்களுக்கான வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்றால், தங்கள் வீட்டு வாசலில் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு.

நான்காம் படிவத்தில் பாடம் தேர்ந்தெடுக்கும்போது, கடினம் என்று யார் சொன்னாலும் இயற்பியலைக் கைவிடாதீர்கள். இந்தத் தொழிலின் கதவு அங்கேதான் திறக்கிறது.