கொக்கி முள் கள்ளியை வளர்ப்போருக்கு

அரிசோனா, சொனோரா பாலைநிலங்களில் புதர் நிழலை அண்டி வளரும் ‘மாமிலேரியா கிரஹாமி’ என்னும் சிறு கள்ளியை விரும்புவோர் கவனிக்க:

1. இளம் பீப்பாய்க் கள்ளிக்கும் கொக்கி முள் உண்டாதலால், முள்ளை மட்டும் கண்டு இக்கள்ளிதான் எனத் தீர்மானியாமல், உடலெங்கும் தனித்தனிக் குமிழ்கள் சுழல்வரிசையில் அமைந்துள்ளனவா என்றும், இளஞ்சிவப்பு மலர்கள் உச்சியைச் சுற்றி வளையமாகப் பூக்கின்றனவா என்றும் நோக்குக.

2. சரளை மிகுந்த மண்ணில், துளையுள்ள தொட்டியில் நடுக. நீர் தேங்கின் வேர் அழுகும்.

3. குளிர்காலத்தில் நீரை ஏறக்குறைய நிறுத்துக. அது செடியின் உறக்கக் காலம்.

4. பெயர்த்து நடுகையில் மடித்த செய்தித்தாளால் பற்றுக. துணிக் கையுறையை அம்முள் இலேசில் விடாது. விரலில் மாட்டிக்கொண்டாலோ, வெடுக்கென இழுக்காமல், முள் புகுந்த திசையிலேயே சற்றுத் தள்ளி, பொறுமையுடன் விடுவித்துக்கொள்க. இழுக்குந்தோறும் கொக்கி ஆழப் பதியும்.

5. விதையில் வளர்த்த கன்றையே வாங்குக. அரிசோனாவில் காட்டுக் கள்ளிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.