காசில்லாமல் பிரைவேட் ரெப்போ: மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2019 ஜனவரி வரை, கிட்ஹப்பில் ஒரு ரெப்போவை (கோடும் அதன் வரலாறும் இருக்கும் கிடங்கு) பிறர் கண்ணில் படாமல் வைக்க வேண்டுமென்றால் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் மாணவர் என்று நிரூபித்துச் சலுகை வாங்க வேண்டும். இரண்டுக்கும் வழியில்லாதவர்கள் பிட்பக்கெட்டுக்கோ கிட்லேபுக்கோ போனார்கள். 2018 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்குக் கிட்ஹப்பை வாங்கி முடித்தது. அடுத்த ஜனவரியிலேயே, எத்தனை பிரைவேட் ரெப்போ வேண்டுமானாலும் இலவசம், ஆனால் ஒன்றுக்கு மூன்று பேரைத்தான் சேர்க்கலாம் என்று அறிவித்தார்கள். 2020 ஏப்ரலில் அந்த மூன்று பேர் வரம்பும் போய்விட்டது.

இதைச் சொல்லக் காரணம், ‘பிரைவேட் வேண்டுமா, பிட்பக்கெட்டுக்குப் போ’ என்ற பழைய அறிவுரையை இன்றும் சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான். எங்கே இலவசம் என்பது இன்று கேள்வியே இல்லை. உங்கள் ரெப்போவுக்குள் யார் யார் வரப்போகிறார்கள், அதை என்றைக்காவது திறக்கப்போகிறீர்களா, இந்த இரண்டையும் வைத்துத்தான் சேவையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

1. கிட் வேறு, கிட்ஹப் வேறு

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கிய மென்பொருள் கிட். அது உங்கள் கணினியிலேயே ஓடும். இணையம் வேண்டாம், கணக்கு வேண்டாம். கோடில் எந்த வரியை யார் எப்போது மாற்றினார்கள் என்ற முழு வரலாறும் உங்கள் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும். கிட்ஹப், கிட்லேப் போன்றவை அந்த வரலாற்றின் இன்னொரு பிரதியைத் தங்கள் சர்வரில் வைத்துக்கொண்டு, நாலு பேர் சேர்ந்து வேலை பார்க்க வசதி செய்து தருகின்றன. அவ்வளவுதான். தனியாகப் படித்துப் பழகும் மாணவருக்கு ஒரு பென் டிரைவில் இன்னொரு பிரதி இருந்தாலே முதல் ஒரு மாதம் ஓடிவிடும்.

2. எதற்காகப் பிரைவேட்?

முதல் காரணம் அசைன்மென்ட். ஹார்வர்டின் சிஎஸ்50 பாடத்தை இணையத்தில் இலவசமாகப் படிப்பவர்கள் நம்மூரிலும் நிறையப் பேர். அதன் விடைகள் கிட்ஹப் வழியாகத்தான் போகின்றன, அதுவும் பிரைவேட் ரெப்போவுக்கு. இனிமேல் அந்தப் பாடத்தை எடுக்கக்கூடியவர்கள் கையில் விடை கிடைக்கும்படி செய்வதை அதன் நேர்மை விதிகள் தவறு என்றே சொல்கின்றன. உங்கள் கல்லூரியிலும் நிலைமை பெரிதாக மாறாது: நீங்கள் பப்ளிக்காகப் போட்டதை ஒருவர் அப்படியே எடுத்து ஒப்படைத்தால், விளக்கம் சொல்லும் வேலை இருவருக்கும் வரும்.

இரண்டாவது, மூன்று நான்கு பேர் சேர்ந்து செய்யும் ஃபைனல் இயர் புராஜெக்ட். அது நால்வருக்கும் சொந்தம். ஒருவர் மட்டும் முடிவெடுத்து உலகத்துக்குத் திறந்துவிடக் கூடாது.

இன்டர்ன்ஷிப்பில் எழுதிய கோடு இதில் சேராது. அது நிறுவனத்தின் சொத்து. பிரைவேட்தானே என்று சொந்தக் கணக்கில் அதன் பிரதியை வைத்துக்கொள்வதும் தப்பு.

3. எந்தச் சேவை?

கிட்ஹப்: பெரும்பாலான மாணவர்களுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. வேலை தேடும்போது கேட்கப்படும் முகவரி இதுதான். சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருப்பதும் இங்கேதான். பிரைவேட் ரெப்போவுக்கும் அதில் சேரும் ஆட்களுக்கும் எண்ணிக்கை வரம்பு கிடையாது. நீங்கள் கோடைத் தளத்துக்கு ஏற்றியவுடன், அதாவது புஷ் செய்தவுடன், டெஸ்ட்களைத் தானாக ஓட்டிப் பார்க்கும் ஆக்‌ஷன்ஸ் வசதியும் உண்டு. பிரைவேட் ரெப்போக்களுக்கு மாதம் 2000 நிமிடம் இலவசம். ஒரு ஃபைல் 100 எம்பியைத் தாண்டினால் ஏற்றுக்கொள்ளாது. மெஷின் லேர்னிங் மாணவர்கள் டேட்டாசெட்டைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டு முழிப்பது இந்த இடத்தில்தான். டேட்டாவை வேறு எங்காவது வைத்துவிட்டு, இறக்கிக்கொள்ளும் லிங்கை மட்டும் ரெப்போவில் எழுதுங்கள்.

இலவசக் கணக்கின் பிரைவேட் ரெப்போவில் இரண்டு குறைகளை உடனே உணர்வீர்கள். அதிலிருந்து பேஜஸ் என்ற வசதி வழியாக வெப்சைட் வெளியிட முடியாது. முதன்மைக் கிளையான மெயின் பிராஞ்சில் யாரும் நேரடியாகப் புஷ் செய்யாமல் பூட்டவும் முடியாது. இரண்டும் புரோ கணக்கில் உண்டு. மாணவர் சரிபார்ப்பு முடிந்தவர்களுக்கு அந்தப் புரோ இலவசம்.

கிட்லேப்: 2011இல் உக்ரைனில் டிமிட்ரோ ஜாபரோஜெட்ஸ் தொடங்கியது. பிரைவேட் ரெப்போவிலிருந்தும் வெப்சைட் வெளியிடலாம் என்பது இதன் பலம். ஆனால் இலவசத் திட்டத்தில் ஒரு பிரைவேட் குரூப்பில் ஐந்து பேர்தான். நால்வர் குழுவோடு புராஜெக்ட் கைடும் சேர்ந்தால் கணக்கு சரியாக முடிந்துவிடுகிறது. ஆறாவதாக ஒருவருக்கு இடமில்லை. தானியங்கி டெஸ்ட்டுக்கு மாதம் 400 நிமிடம். கல்லூரியே தன் சர்வரில் நிறுவிக்கொள்ள இதன் கம்யூனிட்டி பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் துறையில் அப்படி ஒன்று ஏற்கெனவே ஓடுகிறதா என்று லேப் பொறுப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். இருந்தால் பாடம் தொடர்பான எல்லாவற்றையும் அங்கேயே வைப்பது நல்லது.

பிட்பக்கெட்: அட்லாசியன் நிறுவனத்துடையது. இங்கும் இலவசத்தில் ஐந்து பேர், டெஸ்ட்டுக்கு மாதம் 50 நிமிடம். அதே நிறுவனத்தின் ஜிரா கருவியைப் பயன்படுத்தும் இடத்தில் இன்டர்ன்ஷிப் கிடைத்தால் அங்கே பழகிக்கொள்ளலாம்.

கோட்பெர்க்: பெர்லினில் இயங்கும் லாப நோக்கமற்ற சங்கம் நடத்துவது. விளம்பரம் கிடையாது, எனக்குப் பிடித்த இடம். ஆனால் அது கட்டற்ற மென்பொருளுக்கான வீடு. அசைன்மென்டைப் பூட்டி வைக்க அங்கே போகாதீர்கள்.

4. கணக்கு தொடங்கும்போது

பயனர் பெயர் உங்கள் ரெஸ்யூமேயில் இடம்பெறப்போவது. இன்றைய மோகத்தில் ‘ஹேக்கர்’, ‘கிங்’ என்று வைக்காமல் சொந்தப் பெயரை ஒட்டியே வையுங்கள்.

முதன்மை மின்னஞ்சலாகச் சொந்த முகவரியைக் கொடுத்து, கல்லூரி முகவரியை இரண்டாவதாகச் சேருங்கள். படிப்பு முடிந்ததும் கல்லூரி முகவரியை மூடிவிடுவார்கள். அதன்பின் பாஸ்வேர்டு மறந்தால் மீட்பு மெயில் எங்கே போகும்? இரட்டைச் சரிபார்ப்பை அன்றைக்கே போட்டு, அப்போது தரும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். போன் தொலைந்தால் அந்தக் காகிதம்தான் சாவி.

மின்னஞ்சல் அமைப்புகளில், முகவரியைப் பிறருக்குக் காட்டாதே என்ற தேர்வு இருக்கும். அதை இயக்கி, கிட்ஹப் தரும் மாற்று முகவரியை உங்கள் கணினியின் கிட் அமைப்பிலும் போடுங்கள். இல்லையென்றால் மாற்றங்களைப் பதிவு செய்யும் ஒவ்வொரு கமிட்டிலும் சொந்த முகவரி பதிந்து, ரெப்போவைத் திறக்கும் நாளில் எல்லோருக்கும் தெரியும்.

5. முதல் ரெப்போ

கணினியில் தொடங்கி மேலே ஏற்றுவதைவிட, தளத்தில் தொடங்கிக் கீழே இறக்குவது புதியவர்களுக்கு எளிது. புது ரெப்போ பக்கத்தில் பெயர் கொடுத்து, பிரைவேட்டைத் தேர்ந்தெடுங்கள். ரீட்மீ ஃபைலைச் சேர்க்கும் தேர்வை இயக்கி, கிட் கவனிக்காமல் விட வேண்டிய ஃபைல்களைச் சொல்லும் கிட்இக்னோர் பட்டியலில் உங்கள் மொழியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கணினியில் கிட் குளோன் செய்து, அந்த ஃபோல்டருக்குள் கோடை எழுதுங்கள். அதன்பின் தினமும் மூன்று கட்டளைகள்தான்: ஆட், கமிட், புஷ். உங்கள் கணினியில் மாஸ்டர், தளத்தில் மெயின் என்று பிராஞ்ச் பெயர் முட்டிக்கொள்ளும் தொல்லையும் இந்த வழியில் வராது.

பிரைவேட் ரெப்போ என்பதால் குளோன் செய்யும்போதே பாஸ்வேர்டு கேட்கும். சரியாகக் கொடுத்தாலும் ஏற்காது. 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் கட்டளைகளுக்குக் கிட்ஹப் பாஸ்வேர்டை ஏற்பதில்லை, கணக்கின் அமைப்புகளில் நீங்கள் உருவாக்கிக்கொள்ளும் டோக்கன்தான். டோக்கனை டெர்மினலில் ஒட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. கீபோர்டு வேலை செய்யவில்லை என்று திரும்பத் திரும்ப ஒட்டாமல் என்டர் தட்டுங்கள். விண்டோஸுக்கான கிட்டை நிறுவியிருந்தால் பெரும்பாலும் பிரவுசர் திறந்து அங்கேயே உள்நுழையச் சொல்லும். அதுவே சுலபம்.

கல்லூரி லேபில் வேறொரு வம்பு உண்டு. உங்கள் ரெப்போதான், உங்கள் கோடுதான், ஆனால் புஷ் செய்தால் அப்படி ஒரு ரெப்போவே இல்லை என்றோ, அனுமதி இல்லை, 403 என்றோ வரும். முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கு அந்தக் கணினியில் சேமிக்கப்பட்டிருக்கும். காலையில் அதே கணினியில் உட்கார்ந்தவர் அவர். கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, கிட்ஹப் பெயரில் இருக்கும் பதிவை நீக்குங்கள். கிட் அமைப்பில் பெயரும் மின்னஞ்சலும் அவருடையதாகவே இருக்கும். அதை மாற்றாவிட்டால் நீங்கள் ராத்திரி பகலாக எழுதியதெல்லாம் அவர் பெயரில் கமிட் ஆகும். வேலை முடிந்து எழும்போது உங்கள் பதிவையும் நீக்கிவிட்டுப் போங்கள்.

6. பிரைவேட் என்றால் பெட்டகம் இல்லை

டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, ஏபிஐ கீ எதையும் பிரைவேட் ரெப்போவிலும் வைக்கக் கூடாது. குழுவில் உள்ள ஒவ்வொருவரின் லேப்டாப்பிலும் அதன் பிரதி இருக்கிறது. கோடு இருப்பதும் இன்னொரு நிறுவனத்தின் சர்வரில். அவற்றை ‘டாட் என்வ்’ என்ற தனி ஃபைலில் வைத்து, அந்தப் பெயரைக் கிட்இக்னோரில் எழுதுங்கள். நோட் ஜேஎஸ் புராஜெக்ட் என்றால் ‘நோட் மாட்யூல்ஸ்’ ஃபோல்டரும் அங்கேதான் போக வேண்டும்.

தவறிப் போய் உள்ளே போய்விட்டால், ஃபைலை அழித்து இன்னொரு கமிட் போடுவதால் ஒன்றும் ஆகாது. பழைய கமிட்டில் அது அப்படியே கிடக்கும். முதல் வேலையாக அந்தக் கீயைச் செல்லாததாக்கிப் புதியது வாங்குங்கள். வரலாற்றைச் சுத்தம் செய்வது அடுத்த வேலை.

7. ஆட்களைச் சேர்ப்பது

கிட்ஹப்பில் சொந்தக் கணக்கின் கீழ் இருக்கும் ரெப்போவில் ஒருவரைச் சேர்த்தால் அவருக்கு எழுதும் உரிமையும் சேர்ந்தே போகும். பார்க்க மட்டும் அனுமதி என்பது அங்கே இல்லை. கைடு பார்த்தால் மட்டும் போதும் என்றால், குழுவின் பெயரில் இலவசமாக ஓர் ஆர்கனைசேஷன் தொடங்கி, ரெப்போவை அதன் கீழ் வையுங்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனி உரிமை கொடுக்கலாம். ஒரே ஆள் கணக்கில் எல்லாம் மாட்டிக்கொள்ளாமல் இருக்கும் என்பது கூடுதல் லாபம். இரண்டு பேரை உரிமையாளர்களாக வைத்துக்கொள்ளுங்கள். கிட்லேபில் கைடை ‘ரிப்போர்ட்டர்’ என்று சேர்த்தால் கோடைப் படிக்கலாம், மாற்ற முடியாது.

8. மாணவர் சலுகை

கிட்ஹப் 2014 முதல் மாணவர்களுக்கென ஸ்டூடண்ட் டெவலப்பர் பேக் தருகிறது. புரோ கணக்கோடு வேறு நிறுவனங்களின் கருவிகளும் அதில் வரும். பட்டியல் அவ்வப்போது மாறும். கல்லூரி மின்னஞ்சலோ அடையாள அட்டையின் படமோ கேட்பார்கள். அட்டையில் உள்ள பெயரும் கணக்கில் கொடுத்த பெயரும் ஒத்துப்போக வேண்டும். அட்டையில் இனிஷியல், கணக்கில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் நிராகரிக்க அதுவே போதும். தேதி தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். நிராகரித்தாலும் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

9. திறப்பதும் இடம் மாறுவதும்

பிரைவேட்டைப் பப்ளிக் ஆக்குவது ஒரு பட்டன்தான். ஆனால் அதை அழுத்தினால் இன்றைய கோடு மட்டுமல்ல, முதல் நாளிலிருந்து எல்லாக் கமிட்டும், அதில் கடுப்பில் எழுதிய வாசகங்களும் வெளியே வரும். வேலைக்குக் காட்டத்தான் என்றால், முடிந்த கோடை ஒரு புது ரெப்போவில் போட்டு, நல்ல ரீட்மீ எழுதி அதைத் திறப்பதே மேல். திறப்பதற்கு முன் குழுவினரின் சம்மதத்தையும் பாட விதியையும் பார்த்துவிடுங்கள்.

எந்தச் சேவையும் நிரந்தரமில்லை. 2006இல் வந்த கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. 2019 ஜூலையில் அமெரிக்கத் தடைகளைக் காரணம் காட்டி, ஈரானில் இருந்தவர்களின் பிரைவேட் ரெப்போக்களைக் கிட்ஹப் முடக்கியது. உரிமம் பெற்று அது மீண்டது 2021இல்தான். ஆகவே செமஸ்டர் முடியும்போதெல்லாம் கிட் குளோனை மிரர் தேர்வோடு ஓட்டி, முழு வரலாற்றையும் ஒரு ஹார்டு டிஸ்கில் வாங்கி வையுங்கள். அதையே வேறு சேவையில் உள்ள காலி ரெப்போவுக்கு மிரர் தேர்வோடு புஷ் செய்தால் பிராஞ்ச், டேக் எல்லாம் போய்ச் சேரும். இஷ்யூக்களும் புல் ரிக்வெஸ்டில் நடந்த விவாதங்களும் இந்த வழியில் வராது. ஏன் இப்படி முடிவெடுத்தோம் என்பதை அங்கே மட்டும் எழுதாமல், ரெப்போவுக்குள்ளேயே ஒரு ஃபைலில் குறித்து வையுங்கள். வைவாவில் முதலில் கேட்கப்படும் கேள்வியும் பெரும்பாலும் அதுதான்.