வானத்து வாயுவை அளந்தவர்கள்

‘ஓசோன் படலம்’ என்னும் தொடர் நம் மாணாக்கர்களுக்குப் புதியதன்று. ஆயினும் அத்தொடரைக் கேட்டவுடன், வானில் தார்ப்பாய் விரித்தாற்போல் ஏதோ ஒன்று கட்டப்பட்டிருப்பதாகவே பலர் எண்ணிக்கொள்கின்றனர். அது அவ்வாறன்று. பிராணவாயுவின் அணுக்கள் இரண்டிரண்டாய்ச் சேர்ந்திருந்தால் அது நாம் சுவாசிப்பது. மும்மூன்றாய்ச் சேர்ந்தால் அதுவே ஓசோன். தரைக்கு மேல் ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் அது மிகுதியாகப் பரவிக் கிடக்கின்றது. வானிலுள்ள ஓசோன் முழுவதையும் திரட்டிக் கடல் மட்டத்துக்குக் கொண்டுவந்தால், அதன் கனம் 3 மில்லிமீட்டர் அளவே இருக்கும். நம் நாட்டைப் போன்ற வெப்ப நாடுகளின் மேல் அதனினும் குறைவு. ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர்தான். கதிரவனின் தீய புற ஊதாக் கதிர்களைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்துவது இவ்வளவு சிறிய பொருளே.

தோட்டத்துத் தாய்மார்கள் இதனைக் கவனிக்க வேண்டும். நில நடுக்கோட்டருகே கதிரவன் தலைக்கு நேரே நின்று காய்கிறான். அன்றியும், மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு மிகுகின்றது. “குளிர்தானே, வெயில் என்ன செய்யும்?” என்று தலைத்துண்டின்றிக் கொழுந்து பறிக்கச் செல்வது தகாது. குளிர் வேறு, கதிர் வேறு.

கண்ணுக்குத் தெரியாத இவ்வாயுவை எங்ஙனம் அளந்தனர்? இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் டாப்சன் என்னும் அறிஞர் 1920களில் ஒரு கருவியை அமைத்தார். ஓசோன் மிகுதியாக விழுங்கும் ஒரு கதிரையும், குறைவாக விழுங்கும் மற்றொரு கதிரையும் அக்கருவி ஒப்பிடும். இரண்டுக்குமுள்ள வேறுபாட்டிலிருந்து மேலே எவ்வளவு ஓசோன் உள்ளதெனக் கணக்கிடலாம். அவர் பெயராலேயே ‘டாப்சன் அலகு’ வழங்குகின்றது; 100 அலகு ஒரு மில்லிமீட்டருக்குச் சமம்.

1928இல் அவர் தம் கருவிகளை உலகின் பல மூலைகளுக்கும் அனுப்பினார். அவற்றுள் ஒன்று சென்று சேர்ந்த இடம், நம் பாட்டன்மார் கப்பலேறிப் புறப்பட்ட தமிழ்நாட்டின் கொடைக்கானல் மலை! அங்கு எடுத்த ஒளிப்படத் தகடுகள் ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பப்பட்டு அளக்கப்பட்டன. வெப்ப நாடுகளில் ஓசோன் குறைவு, ஆண்டு முழுதும் பெரிய மாற்றமுமில்லை என்னும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. பாலக்காட்டுக் கல்பாத்தியில் 1893இல் பிறந்த கே. ஆர். இராமநாதன், சர். சி. வி. இராமனிடம் பயின்றவர், மேல் வாயுமண்டல ஆராய்ச்சியில் பெரும்புகழ் பெற்று, 1960 முதல் 1967 வரை அனைத்துலக ஓசோன் ஆணையத்தின் தலைவராக விளங்கினார். இப்பெயரை நம் பிள்ளைகள் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

ஒரு நாள் நிறுத்த கொழுந்தைக் கொண்டு தேயிலைச் செடியின் நிலையைக் கூற இயலாது. பல ஆண்டுப் பதிவேடு வேண்டும். தென் துருவத்தில் ஹாலி என்னுமிடத்தில் ஆங்கிலேயர் 1957ஐ ஒட்டித் தொடங்கி ஆண்டுதோறும் சலியாது அளந்துவந்தனர். அங்கு அக்டோபர் மாதத்தில் முன்பு 300 அலகு அளவில் இருந்தது, 1984இல் 200க்கும் கீழே இறங்கியிருந்தது. செயற்கைக்கோளும் அக்குறைந்த எண்களைக் கண்டிருந்தது. ஆனால் அவை ஐயத்துக்குரியவை என ஒதுக்கிக் குறிக்கப்பட்டிருந்தன. 1985இல் ஃபார்மன் முதலிய மூவர் செய்தியை வெளியிட்ட பின்னரே உலகம் விழித்தது.

குற்றவாளி, குளிர்பதனப் பெட்டியிலும் தெளிப்பான் குப்பியிலும் பயன்பட்ட குளோரோ புளோரோ கார்பன் என்னும் வாயு. அதனைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்பாடு 1987 செப்டம்பர் 16இல் கையெழுத்தாயிற்று. (அது நம் மலேசிய நாளும் ஆகும், மாணவர்கள் எளிதில் நினைவிற் கொள்ளலாம்.) மலேசியா 1989இல் அதில் இணைந்தது.

உடன்பாடு எழுதியதோடு வேலை முடிந்துவிடவில்லை. 2010க்குப் பின் உலகெங்கும் இவ்வாயுவின் உற்பத்தி நின்றிருக்க வேண்டும். ஆனால் அதில் ஒரு வகை எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை என்பதை, அளவீட்டாளர் 2018இல் கண்டுபிடித்தனர். கொரியாவிலும் ஜப்பானிலும் இருந்த நிலையங்களின் கணக்கைக் கொண்டு, கிழக்குச் சீனாவிலிருந்து அது வெளிவருவதை 2019இல் காட்டினர். அதன்பின் அது குறைந்தது. அளப்பவர் இல்லாதிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? தென் துருவத்து ஓசோன் 1980இன் நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ 2066 ஆகும் என 2022இன் மதிப்பீடு கூறுகின்றது. இன்று முதலாம் ஆண்டில் பயிலும் நம் பிள்ளைகள் அன்று ஐம்பது வயதை நெருங்கியிருப்பர்.

மலேசிய வானிலை ஆய்வுத் துறையும் பெட்டாலிங் ஜெயாவில் கருவி வைத்து ஓசோனை அளந்துள்ளது. கோலாலம்பூர் வட்டாரத்திலிருந்து பலூன்களும் மேலே அனுப்பப்பட்டுள்ளன. நமக்கு அண்மையிலுள்ள தானா ராத்தா வானிலை நிலையமும் உலக வானிலை அமைப்பின் வாயுமண்டலக் கண்காணிப்பில் ஓர் உறுப்பு. மேலுள்ள ஓசோனை அளப்பது அதன் பணியன்று. நம் மலையில் பெய்யும் மழைநீரில் என்னென்ன கலந்துள்ளன என்பதை அது ஆராய்கின்றது.