கைவண்ணமும் கணிப்பொறி வண்ணமும்

வியாழக்கிழமைகளில் நம் ஆசிரியர்கள் பாத்தேக் உடை அணிந்து வருவதைக் காண்கிறீர்கள். சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி என் சட்டையைக் கூர்ந்து நோக்கி, "ஐயா, உங்கள் தோளில் இருக்கும் கீறல் வயிற்றுப் பக்கத்திலும் அப்படியே இருக்கிறதே, ஏன்?" என வினவினாள். எனக்கு நாணமே மேலிட்டது. கையால் வரைந்தது என நம்பி நான் வாங்கிய சட்டை அது. அவள் கேள்வியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

பாத்தேக் செய்யும் முறையை முதலில் அறிவோம். கிளந்தான், திரெங்கானு மாநிலப் பட்டறைகளில் வெள்ளைத் துணியை மரச்சட்டத்தில் விறைப்பாகக் கட்டுவர். தேன்மெழுகு, பாரபின் மெழுகு, மரப்பிசின் ஆகியவற்றைக் கலந்து உருக்குவர். சாந்திங் என்பது சிறு மூக்குடைய செம்புக் கிண்ணம் பொருத்திய கைக்கோலாகும். அதில் உருகிய மெழுகை மொண்டு, பேனாவால் எழுதுவதுபோல் பூவும் கொடியும் வரைவர். பின்னர்த் தூரிகையால் சாயம் தீட்டுவர். சாயம் மெழுகுக் கோட்டைத் தாண்டாது. வரப்புக்குள் நிற்கும் நீர்போல் அடங்கி நிற்கும். சாயம் நிலைப்பதற்குச் சோடியம் சிலிக்கேட் பூசிச் சில மணி நேரம் விட்டுவைத்து, பிறகு கொதிநீரில் இட்டு மெழுகை நீக்குவர். காய்ந்த மெழுகு மடிப்பில் வெடித்தால், அவ்வெடிப்பினுள் சாயம் நுழைந்து நரம்புபோல் மெல்லிய கோடுகளை உண்டாக்கும். அக்கோடுகளை யாரும் வரைவதில்லை. மீண்டும் அதேபோல் உண்டாக்கவும் இயலாது.

மெழுகின் சூடு மிகுந்தால் கோடு பரவும். ஆறினால் மூக்கு அடைத்துக்கொள்ளும். சில வேளை வேண்டாத இடத்தில் ஒரு துளி விழுந்துவிடும். துணியில் ஊறிய மெழுகை எளிதில் எடுக்க முடியாது. கைதேர்ந்தவர் அத்துளியை ஒரு மொட்டாகவோ இலையாகவோ மாற்றிவிடுவார். பால்மரம் வெட்டிய நம் பெற்றோர்க்கு இது நன்கு விளங்கும். பட்டையில் ஆழமாய் இறங்கிய உளிக்காயம் ஆறினாலும் வடுவாகவே நிற்குமன்றோ?

கணிப்பொறி அச்சு வேறு வகை. படத்தைக் கணிப்பொறியில் அமைத்து, மை தெளிக்கும் பெரிய அச்சுப்பொறியில் துணியை ஓடவிட்டால் நூறு மீட்டரும் ஒன்றுபோல் வெளிவரும். இதில் குற்றமில்லை, விலை மலிவாதலால் நம் போன்றோரும் வாங்க முடிகிறது. ஆனால் மெழுகு வெடிப்பையும் சேர்த்து அச்சிடும்போதுதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. மெழுகே படாத துணியில் மெழுகு எவ்வாறு வெடிக்கும்? காயமே படாத உடலில் வடுவை வரைந்தது போலாகும் அது. என் தோளில் இருந்த கோடு வயிற்றிலும் இருந்ததன் காரணம் இதுவே.

அப்படியாயின், கணிப்பொறியில் பிறக்கும் கலைக்குத் தனித்தன்மையே இல்லையா? அவ்வாறு சொல்லிவிட என்னால் முடியவில்லை. இந்தோனேசியாவின் பண்டுங் நகரில் 2007ஆம் ஆண்டு தொடங்கி இளைஞர் சிலர், ஃபிராக்டல் என்னும் கணித முறையைக் கொண்டு பாத்தேக் வடிவங்களை ஆக்கும் மென்பொருளை உருவாக்கினர். ஃபிராக்டல் என்பது, பெரணி இலையைப் போல், சிறு பகுதி ஒவ்வொன்றும் முழு உருவத்தையே ஒத்திருக்கும் அமைப்பாகும். எண் ஒன்றை மாற்றினால் போதும். புது வடிவம் தோன்றும். அவற்றுள் எது அழகு எனத் தேர்வது மனிதரே. தேர்ந்த வடிவைக் கைவினைஞர் மெழுகு கொண்டு துணியில் ஆக்குவர். அத்துணியைப் போலி என்று யார் சொல்லக்கூடும்?

கையால் செய்தவை யாவும் தனித்தன்மை உடையவை என்பதும் முழு உண்மையன்று. உலோக அச்சை மெழுகில் தோய்த்து ஒற்றும் முறையும் பாத்தேக்கில் நெடுங்காலமாய் உண்டு; அங்கும் ஒரே உருவம் திரும்பத் திரும்பப் பதியும். (பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் படத்தைப் பார்த்து வரையும் மாணவர்களும் இதை எண்ணிப் பார்க்கலாம்!) பினாங்கு ஓவியர் சுவா தியான் தெங் 1950களில் பாத்தேக் முறையை ஓவியக்கலைக்குக் கொணர்ந்தார். அவர் ஓவியம் ஒன்றை 1968இல் யுனிசெஃப் நிறுவனம் வாழ்த்து அட்டையாக வெளியிட்டது. அட்டைகள் பலவாயினும் மூல ஓவியம் ஒன்றே. அட்டையை வாங்கியவர் அதை அட்டை என்று அறிந்தே வாங்கினர்.

என் சட்டையில் என்னை உறுத்தியதும் அச்சன்று, ஏமாற்றே. அச்சுத் துணியைக் கைவரைவு என்று விற்கும்போது, சட்டத்தின் முன் குனிந்து வேலை செய்த ஒருவரின் கூலி பறிபோகிறது. கூலியின் அருமை அறிந்த தோட்டத்துப் பெற்றோர்க்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. துணி வாங்கும்போது அதைத் திருப்பிப் பாருங்கள். மெழுகிட்டுச் சாயம் ஊறிய துணி இருபுறமும் ஏறக்குறைய ஒரே நிறமாய் இருக்கும். அச்சுத் துணியின் மறுபுறம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். ஒரே பூவை இரண்டு இடங்களில் தேடி, இதழ் இதழாக ஒப்பிட்டும் பாருங்கள்.

கேள்வி கேட்ட அம்மாணவி பின்னர்க் காட்சிக்கலை வகுப்பில் கைக்குட்டை அளவுத் துணியில் ஒரு செம்பருத்தியை வரைந்தாள். வடிவத்தைப் பள்ளிக் கணிப்பொறியில்தான் அமைத்தாள். மெழுகிடும்போது ஓரத்தில் ஒரு துளி சிந்திவிட்டது. அழப்போனவள் சற்று நின்று, அதற்கு ஆறு கால்கள் வரைந்து எறும்பாக்கினாள். அத்துணி இப்போது நம் பள்ளி நூலகச் சுவரில் தொங்குகிறது.