கோழிகளின் குடற்புழுவும் பப்பாசிப் பாலும்

வீட்டு வளவில் மேயவிட்டு வளர்க்கப்படும் கோழிகளுள் குடற்புழு இல்லாதவை மிகச் சிலவே. வளர்ந்த பேடு சில புழுக்களைச் சுமந்துகொண்டே முட்டையிடும். ஆனால், மூன்று மாதம் நிரம்பாத குஞ்சுகளுக்கு இவை பெருங்கேடு விளைவிப்பன. தீனி உண்டும் உடல் தேறாமை, சிறகு தொங்குதல், கொண்டை வெளுத்தல், கழிச்சல் என்பன இதன் குறிகளாம். புழுக்கள் மிகுமாயின் குடல் அடைபட்டுக் குஞ்சு இறத்தலும் உண்டு.

இக்குறிகள் வேறு நோய்களிலும் காணப்படுமாதலால், இறந்த குஞ்சின் சிறுகுடலை நெடுகக் கீறிப் பார்த்தல் நன்று. 5 முதல் 12 சதமமீற்றர் வரை நீளமுள்ள மஞ்சள் கலந்த வெண்ணிறப் புழுக்கள் காணப்படின், அவை பெரும்பாலும் அஸ்காரிடியா கல்லி எனப்படும் வட்டப்புழுக்களே. பல கோழிகள் ஒருங்கே இறந்தால் அவற்றை வெட்டுதல் கூடாது. மிருக வைத்திய அதிகாரிக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

பப்பாசிக் காயைக் கீறும்போது வடியும் பாலிற் பப்பெயின் என்னும் நொதியம் உண்டு. முற்றிய இறைச்சி மெதுவாக வேகும்பொருட்டுச் சமையலிற் பப்பாசிக்காய்த் துண்டு இடுவதும் இதன் பயன்கருதியே. இந்நொதியம் புழுவின் புறத்தோலைச் செரித்து அதனை அழிக்கின்றது. இதனை அறியாது சிலர் பாலைக் கொதிக்கவைத்துக் கசாயமாக்கிக் கொடுக்கின்றனர். கொதிப்பில் நொதியத்தின் வலு பெரிதும் கெடும். கோழிக்குக் கிடைப்பது வெறும் நீரே. இரும்பு, செம்புப் பாத்திரங்களும் ஆகா. முற்றிய பச்சைக்காயின் பாலைக் கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணத்தில் ஏற்று, அன்றே குளிர்ந்த நீர் கலந்து, சிறிதளவு தவிட்டிற் பிசைந்து கொடுத்தல் வேண்டும். நீர் கலவாத பால் வாயையும் இரைப்பையையும் புண்ணாக்கும். எடுப்போர் கண்ணிலும் படலாகாது.

பாலின் வலு மரத்துக்கு மரம் வேறுபடுவதால் எல்லார்க்கும் பொருந்தும் ஓர் அளவு கூறுதல் இயலாது. சில துளிகளிலே தொடங்கி, முதலில் இரண்டொரு வளர்ந்த கோழிகளுக்கு மாத்திரம் கொடுத்து, மறுநாள் எச்சத்திற் புழு விழுந்துள்ளதா எனப் பார்த்தபின் ஏனையவற்றுக்குக் கொடுக்கலாம்.

நாடாப்புழுவுக்குப் பாக்குத்தூள் கொடுப்பாருமுளர். பாக்கிலுள்ள அரிக்கோலின் புழுவை முடக்குவது உண்மையே. எனினும் மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது; குஞ்சுகளுக்குக் கொடுத்தல் ஆபத்தாகும்.

மெலிந்து சோர்ந்த குஞ்சுகளைப் பப்பாசிப் பாலை நம்பி விட்டுவைத்தல் தகாது. அவற்றுக்குப் பிப்பரசீன், லெவமிசோல் போன்ற மருந்துகளே ஏற்றவை. பிப்பரசீன் முதிர்ந்த புழுக்களையே நன்கு வெளியேற்றும்; குடற்சுவரினுட் புதைந்துள்ள இளம்புழுக்கள் தப்பிவிடும். ஆகையால், சில வாரங்களின்பின் மீண்டும் கொடுத்தல் அவசியம். முட்டையும் இறைச்சியும் உண்ணாது விலக்கவேண்டிய நாட்கள் மருந்துப் போத்தலிற் குறிக்கப்பட்டிருக்கும்.

எம்மருந்தாயினும் நிலத்திற் கிடக்கும் புழுமுட்டையை அழிக்காது. எச்சத்தோடு விழும் முட்டைகள் சூடும் ஈரமும் உள்ள மண்ணில் ஏறக்குறைய இரண்டு வாரத்துள் தொற்றும் நிலையை அடைந்து, நிழலிற் பல மாதம் உயிரோடிருக்கும். கடும்வெயிலும் உலர்வுமே அவற்றைக் கெடுப்பன. எனவே, மருந்து கொடுத்த கோழிகளை இரண்டு மூன்று நாள் அடைத்துவைத்து, விழும் எச்சத்தை அன்றன்று வாரி, கோழி கிளறாத ஆழ்குழியிற் புதைத்தல் வேண்டும். நீர்த்தொட்டியைச் சூழ்ந்த சேற்றை அகற்றி மணல் இடுக. குஞ்சுகளைத் தாய்க்கோழிகள் மேய்ந்த பழைய நிலத்தில் விடாது, வெயில் படும் புதிய இடத்தில் வளர்த்தல் நன்று.