சுவரும் படமும்

காவிரி பாயும் தஞ்சை நாடு கருங்கல் இல்லாத நாடு. ஆறு கொணர்ந்து பரப்பிய வண்டல் நெல்லுக்கு ஏற்றதேயன்றிக் கல்லுக்கு உரியதன்று. முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டில் கட்டி முடித்த பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்து வந்தது. குடிமக்களின் வீடுகள் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழுந்தன. திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என நீளும் அவ்வீடுகளின் தடித்த சுவர்கள் வெயிலைத் தடுத்தன; மழையைத் தாங்கின; படங்களையும் சுமந்தன.

சோழர் காலத்து ஓவியர்க்குப் படத்தை மாட்டும் கவலை இருந்ததில்லை. அவர் சுவரின்மீதே தீட்டினார். பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய இருண்ட வழியில், நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் மறைந்திருந்த சோழ ஓவியத்தை எஸ். கே. கோவிந்தசாமி 1931ஆம் ஆண்டில் கண்டறிந்தார். சுவர் நின்ற வரையில் ஓவியமும் நின்றது. பின்னர், 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் காலத்தில் பலகை ஓவியம் செழித்தது. ஓவியம் சுவரை விட்டு மரத்திற்கு வந்தது. அதனைச் சுவரில் நிறுத்தும் பொறுப்பு வீட்டாருக்கு வந்தது.

அப்பொறுப்பு எளியதன்று. தஞ்சாவூர் ஓவியம் தாளில் அச்சிட்ட படம் போன்றதன்று. பலாப் பலகையில் துணியை ஒட்டி, அதன்மேல் சுண்ணப்பொடியும் பிசினும் கலந்த பூச்சைப் பூசி, புடைப்பு வேலை செய்து, கற்கள் பதித்து, தங்கத் தகடு ஒட்டி, கண்ணாடியும் மரச் சட்டமும் இடுவர். மூன்றடி உயரமும் இரண்டடி அகலமும் உள்ள படத்தில் மூன்று மில்லிமீட்டர் கண்ணாடி மட்டும் நான்கு கிலோவுக்கு மேல் நிற்கும். பலகையும் சட்டமும் சேர்ந்தால் எடை பத்துக் கிலோவைத் தாண்டும். அத்தகைய படம் விழுந்தால் புடைப்பு வேலை உதிர்ந்து போகும். பாட்டனார் காலத்துப் படத்தை மீண்டும் வாங்க இயலாது. கூடத்தில் பாய் விரித்துக் குழந்தைகள் உறங்கும் வீட்டில், உடைந்த கண்ணாடி அதனினும் பெரிய தீங்கு விளைக்கும்.

பழைய தச்சர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். சுவரில் துளையிட்டு, உலர்ந்த தேக்கு முளையை இறுக அடித்து, அம்முளையில் ஆணியைச் செலுத்தினர். படத்தின் அடிச்சட்டத்தை இரண்டு தடித்த ஆணிகளின்மேல் அமர்த்தி, மேற்புறத்தைக் கயிற்றால் பிணைத்து முன்னோக்கிச் சாய்த்தனர். தரையில் அமர்ந்திருப்பார்க்கு உயரத்திலுள்ள படம் நன்கு தெரிய அச்சாய்வு உதவியது. அஃதன்றி, எடை முழுவதையும் கீழாணிகள் ஏற்க, கயிறு படம் கவிழாமல் காத்தது. வேலையை இவ்வாறு இரண்டாகப் பகிர்ந்தளித்தது பாராட்டத்தக்க அறிவு.

ஆயினும் மர முளைக்கு ஒரு குறை உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரம் உறிஞ்சும்போது முளை பருக்கும், கோடையில் சுருங்கும். ஆண்டுதோறும் இவ்வாறு நிகழ, முளை தளர்ந்து விடும். கறையானும் அவ்வழியே பலகையை அடையும்.

இலண்டன் மாநகரில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கும் இத்தொல்லை நேர்ந்தது. அங்கு மின்விளக்குச் சாதனங்களைப் பொருத்தச் சுவரைப் பெரிதாகக் கொத்தி மரத்துண்டுகளைச் செருகினால் சுவரின் அழகு கெடும் என்ற நிலை. ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்னும் கட்டடக்காரர், 1910ஆம் ஆண்டை ஒட்டி, சணல் நாரைப் பசையிட்டுச் சிறு குழாயாக்கினார். சிறு துளையில் அதனைச் செருகித் திருகாணியை முடுக்கினால், குழாய் விரிந்து துளையின் பக்கங்களை நெருக்கும். அந்நெருக்கத்தால் எழும் உராய்வே பிடிப்பாகும். இன்றும் நம் கடைகளில் அதனை 'ரால் பிளக்' என்றே கேட்டு வாங்குகின்றனர். 1958இல் ஜெர்மானியரான ஆர்தர் ஃபிஷர் நைலானால் செருகி செய்தார். நைலான் கறையானுக்கு இரையாவதில்லை, ஈரத்தால் மட்குவதுமில்லை.

செருகி எத்துணைச் சிறந்ததாயினும் அது நிற்கும் இடம் வலுவுடையதாக இருத்தல் வேண்டும். சுவரின் மேற்பூச்சு ஒரு சென்டிமீட்டர் அல்லது சற்று மிகுந்த தடிப்பே உடையது. அதனை மட்டும் பற்றிய ஆணி, பூச்சோடு பெயர்ந்து வரும். ஆதலின் முதலில் விரலால் தட்டிப் பார்த்து, பொள்ளல் ஒலி எழும் இடத்தை விலக்க வேண்டும். துளையிடும்போது வெளிவரும் தூளே சுவரின் உட்புறத்தை அறிவிக்கும். செந்தூள் வந்தால் அது செங்கல். வெண்தூளோ சாம்பல்நிறத் தூளோ தொடர்ந்து வந்தால் அது கற்களுக்கு இடைப்பட்ட சாந்து. பழைய சுண்ணாம்புச் சாந்து செருகி விரியும்போது நொறுங்கக்கூடும். செங்கல்லின் நடுவிடமே நன்று. வாயிலின் மேலுள்ள கான்கிரீட் விட்டத்தில் சாதாரண ஆணி வளைந்து போகும். அதற்குத் தட்டித் துளைக்கும் இயந்திரமும் கடினமுனைத் துளையூசியும் வேண்டும். மின்பொத்தான் பலகைக்கு நேர்மேலும் நேர்கீழும் துளையிடலாகாது. அவ்வழியே சுவருக்குள் மின்கம்பி செல்லும். துளையிலுள்ள தூளை ஊதி அகற்றாமல் செருகியை நுழைப்பது பலர் செய்யும் பிழை. ஊதும்போது கண்ணை மூடிக்கொள்ளல் நலம்.

கயிற்றைப் பற்றியும் கணக்கு ஒன்று உண்டு. கயிற்றை இறுக இழுத்துக் கட்டுவதே பாதுகாப்பு என்று கருதுவோர் பலர். உண்மை இதற்கு மாறானது. பத்துக் கிலோ படம் ஒன்று ஓர் ஆணியில் தொங்குவதாகக் கொள்க. கயிற்றின் இரு பகுதிகளும் படுக்கை மட்டத்தோடு 60 பாகைக் கோணம் அமைத்தால், ஒவ்வொன்றின் இழுவிசையும் ஆறு கிலோ எடையை எட்டாது. கோணம் 30 பாகையானால் இழுவிசை பத்துக் கிலோ எடைக்குச் சமமாகும். 10 பாகைக்குக் குறைந்தால் அது ஏறத்தாழ இருபத்தொன்பது கிலோ! படத்தின் எடை மாறவில்லை. கயிற்றின் சாய்வே மாறியது. அத்தனை இழுப்பையும் சட்டத்திலுள்ள வளையங்கள் தாங்க வேண்டும். இரண்டு கொக்கிகளை விலக்கி அமைத்து, வளையங்களை நேரே அவற்றில் மாட்டினால் இத்தொல்லையே இல்லை. படமும் ஒருபுறம் சாயாது. பித்தளைச் சங்கிலி பார்வைக்கு உறுதியாகத் தோன்றும். கண்ணிகளின் வாய் பற்றவைக்கப்படாதிருந்தால் அது மெல்ல விரிந்துவிடும்.

படத்தின் கீழ் மூலைகளின் பின்புறத்தில் தக்கைத் துண்டுகளை ஒட்டினால், சுவருக்கும் பலகைக்கும் இடையே காற்று உலவும். மழைக்காலத்து ஈரம் சுண்ணப் பூச்சை எட்டாமல் இருக்க இதுவே எளிய வழி. போகிக்கு முன் வெள்ளையடிக்கப் படங்களை இறக்கும் வழக்கம் தஞ்சை வீடுகளில் உண்டு. அப்போது கயிற்றின் முடிச்சையும், வளையத்தின் துருவையும், பலகையின் பின்புறத்தில் கறையான் இழுத்த மண் கோட்டையும் பார்த்து, தேய்ந்த கயிற்றை மாற்றிய பின்னரே படத்தை மீண்டும் ஏற்றுவர்.