சலவைத்துறை தரும் தொழிற்பாடங்கள்

சிறுதொழில் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது கடையோ பட்டறையோ ஆகும். பொருள் எதையும் விற்காமல் உழைப்பையும் நேரத்தையும் நம்பிக்கையையும் மட்டுமே விற்கும் சேவைத் தொழில்கள் நம் கண்ணில் எளிதிற் படுவதில்லை. முடிதிருத்தகம், தையலகம், பழுதுபார்ப்பு நிலையம், சலவையகம் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றைத் தொடங்கச் சிறுமுதல் போதும். தொடர்ந்து நடத்துவதற்கோ பெருங்கவனம் வேண்டும். வீழ்ந்தபின் மீண்டும் கட்டியெழுப்புவது எல்லாவற்றினும் அரிது. இம்மூன்று நிலைகளையும் ஓரிடத்தில் வைத்துக் கற்க விரும்புவோர்க்கு, எர்ணாகுளம் மாவட்டத்தில் மட்டாஞ்சேரியை அடுத்துள்ள ஃபோர்ட் கொச்சியின் தோபிகானா நல்லதொரு பாடசாலையாகும்.

தமிழர் வளர்த்த துறை

ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ எனப்படும் பகுதியில் இச்சலவைத்துறை அமைந்துள்ளது. ஐரோப்பியர் ஆட்சியில் படையினரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட வண்ணார் சமூகத்தினரின் வழிவந்தோர் இங்குத் தொழில் செய்கின்றனர். முன்னாளில் அவர்கள் அப்பகுதியின் குளங்களிலும் நீர்நிலைகளிலும் துணி வெளுத்தனர். 1976ஆம் ஆண்டில் விசால கொச்சி வளர்ச்சி ஆணையம் தனித்தனித் துவைப்பறைகளும் உலர்த்துவெளியும் தேய்ப்புக் கூடமும் கொண்ட தோபிகானாவை அமைத்தது. வண்ணார் சங்கம் அதனை நடத்திவருகிறது. ஏறத்தாழ நாற்பது குடும்பங்களுக்கு வாழ்வளித்த இடம் அது. விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் வீடுகளின் வேட்டி சேலைகளும் இன்றும் அங்குக் கையால் துவைக்கப்பட்டு, கஞ்சி போடப்பட்டு, வெயிலில் உலர்கின்றன.

மூன்று நூற்றாண்டுகளுக்குள் இத்தொழிலின் வாடிக்கையாளர் பன்முறை மாறிவிட்டனர். படைகள் சென்றன, வணிக நிறுவனங்கள் வந்தன, அவற்றின்பின் சுற்றுலா விடுதிகள் வந்தன. வீட்டுக்கு வீடு சலவை இயந்திரமும் வந்தது. வாடிக்கையாளர் மாறியும் தொழில் நின்றது எவ்வாறு என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

முதற்பாடம்: பொதுவானதைப் பகிர்க, தனதைத் தனதாக வைக்க

தனியொருவர் சலவையகம் தொடங்க விரும்பினால் இடம், கிணறு, தொட்டி, உலர்த்தும் வெளி, தேய்க்கும் கூடம் ஆகிய அனைத்துக்கும் அவரே முதலிட வேண்டும். தோபிகானாவிலோ இவை பொதுவானவை. ஆயினும் ஒவ்வொருவருக்கும் தனித் துவைப்பறை உண்டு. தனி வாடிக்கையாளர் உண்டு. தனி வரவும் உண்டு. செலவு மிகுந்த, அன்றாடம் முழுநேரமும் பயன்படாத வசதிகளைப் பகிர்ந்துகொண்டு, வாடிக்கையாளரின் நம்பிக்கையைத் தனிப்பொறுப்பாக வைத்துக்கொள்ளும் முறை இது.

புதிதாகத் தொடங்குவோர் இதனை எங்கும் கையாளலாம். இரண்டு தையலகங்கள் ஓர் ஓவர்லாக் இயந்திரத்தைப் பகிரலாம். மூன்று உணவு வழங்குவோர் ஒரு குளிர்பதன அறையை வாடகைக்கு எடுக்கலாம். தொடக்க நிலையில் நிலைச்செலவு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்குப் பிற்காலத்தில் நலிவு வரும்போது தாங்கும் வலிமை கூடும்.

இரண்டாம் பாடம்: செய்முறையே முத்திரை

தோபிகானாவின் உலர்த்துவெளியில் கிளிப்புகளைக் காண்பது அரிது. இரு கயிறுகளை முறுக்கிக் கட்டி, முறுக்கின் இடைவெளியில் துணியின் முனையைச் செருகிவிடுகின்றனர். காற்றில் துணி விழுவதில்லை, துணியில் துரு படிவதில்லை, செலவும் இல்லை. சோற்றுக் கஞ்சியின் விறைப்பும் கனத்த தேய்ப்புப் பெட்டியின் மடிப்பும் இத்துறையின் அடையாளங்கள்.

இதனினும் நுட்பமானது துணி மாறாமற் காக்கும் முறை. நம் நாட்டில் சேங்கொட்டையின் சாற்றால் துணியின் ஓரத்தில் குறியிடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. துவைத்தாலும் அழியாத அக்குறியே வெளுப்போரின் பேரேடு. நூறு வீட்டுத் துணிகள் ஒரே கயிற்றில் உலர்ந்தாலும் அவரவர் துணி அவரவர் வீட்டுக்கே சென்று சேரும்.

சேவைத் தொழிலில் வாடிக்கையாளர் விலைகொடுத்து வாங்குவது இந்த ஒழுங்கைத்தான். பொருளைப் பெறும்போது எண்ணிக்கையுடன் சீட்டு எழுதுதல், குறை முன்பே இருந்தால் அப்போதே காட்டிக் குறித்தல், சொன்ன நாளில் திருப்பித் தருதல் ஆகிய மூன்றையும் தவறாது செய்யும் சிறுதொழிலர், விளம்பரத்துக்குச் செலவிட வேண்டிய தொகையில் பெரும்பகுதியை மிச்சப்படுத்துகிறார்.

மூன்றாம் பாடம்: ஒரே தூணில் கூரை நிற்காது

ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரிப் பகுதியின் வணிகம் பெரிதும் சுற்றுலாவைச் சார்ந்தது. 2012இல் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே கலைவிழா போன்ற நிகழ்ச்சிகள் விடுதிகளை நிரப்பும்போது சலவைத் தொழிலிலும் வேலை பெருகும். ஆனால் நிரப்பும் அதே கை வெறுமையாக்கவும் கூடும். 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தபோது கொச்சி விமான நிலையம் இரண்டு வாரம் மூடிக்கிடந்தது. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுதும் ஊரடங்கு தொடங்கியது. விடுதி அறைகள் ஒரே நாளில் வெறுமையாயின. அவ்வாண்டு நிகழ வேண்டிய பினாலே 2022 டிசம்பர் வரை தள்ளிப்போயிற்று.

விருந்தினர் இல்லாத விடுதியில் விரிப்பு அழுக்காவதில்லை. விடுதிகளை மட்டுமே நம்பிய சலவையாளருக்கு அன்று வரவு முற்றும் நின்றது. வீட்டு வாடிக்கையாளரையும் வைத்திருந்தவருக்குச் சிறிதேனும் வரவு விரைவில் திரும்பும் வாய்ப்பு இருந்தது. வீடுகளிலிருந்து வரும் வேலை அளவிற் சிறியது, அலைச்சல் மிகுந்தது, ஆதலால் நல்ல காலத்தில் அதனைக் கைவிடத் தோன்றும். அப்படிக் கைவிடுவதே பின்னாளில் தொழிலைச் சாய்க்கிறது. மொத்த வரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருமாயின், அதனை எச்சரிக்கையாகக் கொள்ளுதல் நன்று.

நான்காம் பாடம்: மழைமாதக் கணக்கு

கொச்சியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வெயிலை நம்பி உலர்த்துவோருக்கு அது இருமடங்கு இடர். துணி உலர நாளாகிறது, சுற்றுலாப் பயணியரும் குறைகின்றனர். ஆண்டுதோறும் தவறாது வரும் இவ்விடரை எதிர்பாராச் செலவு என்று சொல்ல இயலாது. அது கணக்கில் முன்கூட்டியே இடம்பெற வேண்டிய செலவு.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு துணிக்குச் சராசரிக் கட்டணம் 20 ரூபாய். சோப்பு, கஞ்சி, எரிபொருள், கூலி, போக்குவரத்து ஆகியவற்றுக்குத் துணி ஒன்றுக்கு 10 ரூபாய். மீதம் 10 ரூபாய். மாத நிலைச்செலவு 22,000 ரூபாய். இதில் 15,000 ரூபாய் உரிமையாளரின் சொந்தச் சம்பளம். தம் உழைப்புக்குச் சம்பளம் எழுதாதவரின் கணக்கில் இலாபம் பொய்யாகவே தோன்றும்.

இத்தொழில் நட்டமின்றி நடக்க மாதம் 2,200 துணிகள் வேண்டும். ஆண்டில் எட்டு மாதம் 3,000 துணிகள் வருமாயின், மாதந்தோறும் 8,000 ரூபாய் மிஞ்சும். எட்டு மாதத்தில் 64,000 ரூபாய். மழைக்காலம் நான்கு மாதமும் 1,600 துணிகளே வருமாயின், மாதம் 6,000 ரூபாய் குறையும். நான்கு மாதத்தில் 24,000 ரூபாய். ஆக, ஆண்டின் மெய்யான உபரி 40,000 ரூபாய். மாதச் சராசரி ஏறத்தாழ 3,330 ரூபாய். நல்ல மாதத்தில் கண்ட 8,000 ரூபாயை நம்பிக் கடன் தவணையை முடிவு செய்பவர், ஜூலையில் வங்கிக்கு என்ன விடை சொல்வார்?

ஐந்தாம் பாடம்: தகுதியுள்ள கடன் வேறு, தாங்கும் கடன் வேறு

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டம் 18 மரபுத் தொழில்களை ஏற்றுக்கொண்டது. சலவைத் தொழிலும் அவற்றுள் ஒன்று. அடிப்படைப் பயிற்சி, 15,000 ரூபாய் வரை கருவி உதவி, பிணையின்றி 5 விழுக்காடு வட்டியில் கடன் ஆகியவை இதன் பயன்கள். முதற்கட்டக் கடன் 1 லட்சம் ரூபாய் வரை, 18 மாதத் தவணை. அடுத்த கட்டம் 2 லட்சம் ரூபாய் வரை, 30 மாதத் தவணை. ஒரு குடும்பத்தில் ஒருவரே பயன்பெறலாம்.

மேற்கண்ட சலவையாளர் முழு 1 லட்சத்தையும் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 5,780 ரூபாய். அவருடைய மாதச் சராசரி உபரியோ 3,330 ரூபாய். தகுதி இருந்தும் இக்கடன் அவருக்குப் பாரமாகும். 50,000 ரூபாய் பெற்றால் தவணை ஏறத்தாழ 2,890 ரூபாய். இதனை அவர் தாங்குவார். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மழைமாதம் ஒவ்வொன்றிலும் தவணையும் குறையும் சேர்ந்து 8,890 ரூபாய் தேவைப்படும். நான்கு மாதத்துக்கு 35,560 ரூபாய். நல்ல மாதங்கள் எட்டிலும் மாதம் 4,445 ரூபாய் வீதம் தனிக்கணக்கில் ஒதுக்கினால்தான் இது கைகூடும். அதற்குத் தொடர்வைப்புக் கணக்கு ஏற்ற கருவி. முதற்கடனை ஒழுங்காக அடைத்தவருக்கு அடுத்த கட்டம் திறக்கும்.

இயந்திரம், கட்டடம் போன்ற நீடித்த பொருளுக்குத் தவணைக் கடனும், சோப்பு, எரிபொருள் போன்ற அன்றாடச் செலவுக்கு நடைமுறை மூலதனக் கடனும் ஏற்றவை. அன்றாடப் பணத்தை இயந்திரத்தில் முடக்கியதால் மூச்சுத் திணறிய தொழில்கள் பல. பிரதமர் முத்ரா திட்டத்தில் ‘சிசு’ நிலை 50,000 ரூபாய் வரையும், ‘கிசோர்’ நிலை 5 லட்சம் வரையும், ‘தருண்’ நிலை 10 லட்சம் வரையும் உள்ளது. எந்நிலையிலும் தேவையை முதலில் எழுதி, பிறகு தொகையைக் கேட்பதே முறை.

ஆறாம் பாடம்: நிலுவையும் நட்டமே

வீட்டு வாடிக்கையாளர் துணியை வாங்கும்போதே பணம் தருகிறார். விடுதிகளும் நிறுவனங்களும் மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதுண்டு. சிறுதொழிலர் உரிமை கோரத் தயங்குகிறார். கேட்டால் வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறார்.

குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 இவ்வகையில் துணைநிற்கிறது. குறு, சிறு நிறுவனத்தின் பணியைப் பெற்றவர், எழுத்து ஒப்பந்தம் இருப்பினும் 45 நாளுக்கு மேற்படாமல் பணம் செலுத்த வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி சேரும். இவ்வுரிமையைப் பெற, உத்யம் பதிவை முன்கூட்டியே செய்து, பதிவு எண்ணைப் பற்றுச்சீட்டில் அச்சிடுதல் நன்று. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள இப்பதிவுக்குக் கட்டணம் ஏதுமில்லை. இடைத்தரகர் கேட்டால் கொடுக்க வேண்டா.

ஏழாம் பாடம்: மீள்கட்டுமானம் கணக்கேட்டிலிருந்து தொடங்கும்

ஊரடங்கின்போது ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை ஒத்திவைப்புக்கு இடமளித்தது. அக்காலத்திலும் வட்டி சேர்ந்துகொண்டேயிருந்தது. ஒத்திவைப்பு என்பது மூச்சுவாங்கும் இடைவேளை, தள்ளுபடி ஆகாது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர், கையிலிருந்த சிறுதொகையையேனும் செலுத்திச் சுமையைக் குறைத்தனர்.

தொழில் சரிந்தவர் மீண்டெழும்போது வங்கி காண விரும்புவது ஒழுங்கான வரவு செலவுச் சான்று. வாடிக்கையாளர் செலுத்தும் தொகை யூபிஐ வழியாகவோ காசோலையாகவோ கணக்கில் வந்து சேர்ந்திருந்தால், அக்கணக்கு விவரமே அவருடைய தொழிலுக்குச் சாட்சி. எல்லாம் ரொக்கமாகவே நடந்திருந்தால், நல்ல தொழிலுக்கும் சான்று இராது. தவணை தவறும் நிலை வருமெனத் தெரிந்தால், தவறுவதற்கு முன்பே கிளை மேலாளரைச் சந்தித்து உண்மையைச் சொல்லுதல் நன்று. தவறியபின் சொல்லும் காரணத்தைவிட, முன்பே சொல்லும் காரணத்துக்கு மதிப்பு மிகுதி.

அடுத்த தலைமுறையின் கேள்வி

தோபிகானாவின் முன் இன்றுள்ள பெரிய கேள்வி கடனோ மழையோ அன்று. கல்வி பெற்ற பிள்ளைகள் இக்கடும் உழைப்பை ஏற்பார்களா என்பதே அது. அவர்கள் வேறு தொழிலுக்குச் செல்வது பெற்றோர் உழைப்பின் பயனே. அதனைக் குறையாகக் கருதுதல் தகாது. ஆயினும் தொழில் நிலைக்க வேண்டுமாயின், இடுப்பொடியும் வேலையின் ஒரு பகுதியை இயந்திரத்திடம் ஒப்படைத்து, கஞ்சி, தேய்ப்பு, துணி காக்கும் நேர்த்தி ஆகிய கைத்திறனுக்கு உரிய கட்டணத்தைப் பெற வேண்டும். தந்தையின் உழைப்புக்குக் கணக்கில் சம்பளம் எழுதப்படாத தொழிலை எந்த மகனும் மகளும் விரும்பி ஏற்கமாட்டார்கள்.

புதுத்தொழில் தொடங்க எண்ணும் வாசகர்களும், நலிந்த தொழிலை நிமிர்த்த முயலும் வாசகர்களும் ஒரு தாளை எடுத்து நான்கு எண்களை எழுதிப் பார்க்கலாம்: நட்டமின்றி நடக்க வேண்டிய மாத வேலை அளவு, நலிந்த மாதங்களின் மொத்தக் குறை, மிகப்பெரிய வாடிக்கையாளரின் பங்கு, வரவேண்டிய நிலுவை. இந்நான்கையும் அறிந்தவராகக் கிளைக்கு வருபவருக்குக் கடன் பற்றிய உரையாடல் எளிதாகும். எவ்வளவு கேட்பது என்பதும், எவ்வளவு கேட்கலாகாது என்பதும் அவருக்கே தெரிந்திருக்கும்.